ஜங்லிகாட்டின் இத்தாலி

போர்ட் பிளேரில் ஜங்லிகாட் சந்தைக்கு இறங்கும் சரிவில், அய்யூபின் மளிகைக்கடையை ஒட்டினாற்போல் மரகதம் ஓர் இட்லிக்கடை வைத்திருந்தாள். காலை ஐந்தரைக்கு முதல் ஈடு இறங்கும். ஒன்பதரைக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். துறைமுகத்துக்குப் போகிறவர்கள், சர்க்கார் ஆபீசுக்குப் போகிறவர்கள், ஆபீசுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு எங்கும் போகாதவர்கள், எல்லோரும் அந்த இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். இதில் இத்தாலி தேசத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், 1969-ஆம் வருஷம் மரகதமும் அதையேதான் கேட்டாள்.

அவள் தீவுக்கு வந்தது 1957-இல். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். புருஷன் ஜம்புலிங்கத்துக்குப் பாராடாங் காட்டில் மரம் வெட்டும் முகாமில் வேலை. முதல் நான்கு வருஷம் அவளும் முகாமிலேயே சமைத்துப்போட்டுக்கொண்டு இருந்தாள். அந்த வாழ்க்கையைப் பற்றி யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "படுக்கும்போது ரெண்டு பேரு படுப்போம், எந்திரிக்கும்போது இருவது பேரு எந்திரிப்போம்." மீதிப் பதினெட்டும் அட்டை. ஒரு மழைக்காலத்தில் காலைத் தூக்கிப் பார்த்து, ஒட்டியிருந்தவற்றை எண்ணி முடித்துவிட்டு, மறுநாள் காலைப் படகிலேயே போர்ட் பிளேர் வந்து சேர்ந்தாள். ஜம்புலிங்கம் மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். தாம்பத்தியம் நன்றாகத்தான் நடந்தது. அட்டைகள் இல்லாததால் முன்னைவிட நன்றாக நடந்தது என்றும் சொல்லலாம்.

1962-இல் கடைக்கு லைசென்ஸ் எடுத்தாள். அந்த லைசென்சின் பேரில்தான் கடைக்குப் பின்னால் குடியிருக்க ஒரு தகரக் கொட்டகையும் கிடைத்தது. விண்ணப்பத்தில் கடையின் பெயர் இந்தியில் இருக்க வேண்டும், வாசலில் இந்தியில் பலகையும் தொங்க வேண்டும் என்றார்கள். மரகதத்துக்குப் பேச்சு இந்தி சரளமாக வரும். மீன்காரியிடம் சண்டை போட்டே கற்றுக்கொண்ட பாஷை. எழுத்துதான் தெரியாது.

அய்யூபுக்கு எழுத்தும் தெரியும். கீழக்கரைக்காரர், மாலை வகுப்பில் இந்தி படித்து முதல் பரீட்சை தேறியவர். இரண்டாம் பரீட்சையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் வேறு பக்கம் பார்ப்பார்.

"இட்லி ஹோட்டல். அவ்வளவுதானே? ரெண்டு நிமிஷத்து வேலை தங்கச்சி" என்று சொல்லி விண்ணப்பத்தையும் எழுதிக்கொடுத்து, பலகைக்கும் அவரே நீலப் பெயிண்ட் அடித்தார்.

இங்கேதான் ஒரு சிறிய எழுத்து விவகாரம். தமிழில் ட ஒன்றுதான். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்தி, அதை வைத்துக்கொண்டே நாம் காலம் காலமாகச் சமாளித்துவருகிறோம். இந்திக்காரர்கள் அழுத்தமான ட-வுக்கு ஓர் எழுத்தும் தளர்ந்த ட-வுக்கு வேறோர் எழுத்துமாகத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். இட்லிக்கு வேண்டியது தளர்ந்த ட. அய்யூப் போட்டது அழுத்தமான ட. அந்த ட-வைப் போட்டால் இந்தியில் அது இட்லி இல்லை, இத்தாலி.

அய்யூப் வாசித்தால் இட்லி என்றே வந்தது. மரகதத்துக்கு நீல எழுத்து அழகாக இருந்தது. இந்தி தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? அதே தெருவில் லண்டன் சலூன் என்று ஒன்று இருந்தது. முடி வெட்டிக்கொள்ளப் போன எவனும் லண்டன் எங்கே என்று நாவிதரைக் கேட்டதில்லை. வங்காளி மேஸ்திரிகள் அவளை 'இட்லி தீதி', அதாவது இட்லி அக்கா, என்று கூப்பிட்டார்கள். எந்த ட போட்டுக் கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ஏழு வருஷம் இப்படியே போயிற்று. லைசென்ஸ் ஆபீசில் நாற்காலியை விட்டு எழாத நல்ல மனிதர்கள் வருஷா வருஷம் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பொறுப்பானவர் ஃபைலை இங்கிலீஷுக்கு மாற்றியபோது, தெளிவாக இருக்கட்டும் என்று 'கடையின் தன்மை' என்ற இடத்தில் 'இத்தாலிய உணவு' என்று ஒரு வரி சேர்த்தும் விட்டார். அவரும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை.

1969-இல் மெயின்லாண்டிலிருந்து ஒரு புது ஆபீசர் கப்பலில் வந்து இறங்கினார். அவருக்கு ஃபைலைப் படிக்கும் பழக்கம் இருந்தது.

ஒருநாள் காலை எட்டரைக்கு, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ஃபைலும் கையுமாகக் கடைவாசலில் வந்து நின்றார். பலகையை வாசித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஆவி பறந்த இட்லிச்சட்டியைப் பார்த்தார்.

"இட்டாலியன் கானா கஹாங் ஹை?"

மரகதத்துக்கு முதல் வார்த்தை பிடிபடவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து அய்யூப் ஓடிவந்தார். "இத்தாலிச் சாப்பாடு எங்கேன்னு கேக்குறாரு."

"எந்தத் தாலி? எங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான், அது என் கழுத்துல கெடக்கு. அத எதுக்கு இவரு கேக்குறாரு?"

"தாலி இல்ல தங்கச்சி, இத்தாலி. அது ஒரு தேசம்."

"தேசமா? அது எங்கிட்ட ஏது பாய்?"

ஆபீசர் ஃபைலைத் திறந்து காட்டினார். அய்யூப் படித்தார். ஃபைலிலிருந்து பலகையைப் பார்த்தார். பலகையிலிருந்து ஃபைலைப் பார்த்தார். அவர் முகத்தில் இரண்டாம் பரீட்சையின் நிழல் விழுந்தது.

விஷயம் இதுதான். லைசென்சில் இருப்பது இத்தாலிய உணவு. கடையில் விற்பது இட்லி. இது பொய்த் தகவல். பதினைந்து நாளில் இரண்டையும் பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் லைசென்ஸ் ரத்து. கொட்டகையையும் காலி செய்ய வேண்டும்.

"பேர மாத்திக் குடுங்க சாப். ஒரு எழுத்துதானே?" என்று மரகதம் இந்தியில் கேட்டாள்.

பெயரை மாற்றலாம், தாராளமாக மாற்றலாம் என்றார் ஆபீசர். ஃபைல் கப்பலில் மெயின்லாண்டுக்குப் போகும், அங்கே பார்ப்பார்கள், திரும்பி வர எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகும். அதுவரை கடை பூட்டிக் கிடக்கும். அவர் கெட்டவர் இல்லை. வழியும் அவரே சொன்னார்: இத்தாலிப் பண்டம் ஏதாவது ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதும், அவர் எழுதிவிடுவார்.

அவர் போனபிறகு மரகதம் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்முன்னால் பாராடாங் காடு எழுந்து நின்றது. அவள் கால்கள் தானாகத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்ந்தன.

"பாய், காகிதத்த மாத்த எட்டு மாசம். பலகாரத்த மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"என்ன பலகாரம்னு தெரிஞ்சா ஒரு நாள்" என்றார் அய்யூப், தலையைத் தூக்காமல்.

தெரிந்தவர் ஒருவர் போர்ட் பிளேரிலேயே இருந்தார். அதுவும் அவள் கடையில் தினமும் நான்கு இட்லி தின்றுகொண்டே இருந்தார்.

ஹெட் கிளார்க் பாலசுப்பிரமணியத்தை ஊரில் 'இத்தாலி சார்' என்பார்கள். யுத்த காலத்தில் ராணுவ சப்ளை டெப்போவில் கிளார்க்காக இரண்டு வருஷம் இத்தாலியில் இருந்தவர். கும்பகோணத்துக்காரர். பதினைந்து வருஷமாகத் தீவில் எந்தப் பேச்சை எடுத்தாலும் நேப்பிள்ஸில் கொண்டுபோய் நிறுத்துவார். மழை பெய்தால் நேப்பிள்ஸ் மழை. மீன் நாறினால் நேப்பிள்ஸ் மீன். எல்லாவற்றுக்கும் மேல் அவர் அங்கே சாப்பிட்ட பீட்சா. அந்தப் பீட்சாவை ஜங்லிகாட்டில் கேட்டிராத காது இல்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாயால் எதை வேண்டுமானாலும் சொல்வார். காகிதத்தில் ஒரு பொய் எழுதமாட்டார். ஒருமுறை லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'தூக்கம்' என்று எழுதியவர். ஜுரம் என்று எழுதக்கூடாதா என்று மேலதிகாரி கெஞ்சிப் பார்த்தார். "பேச்சு வேற சார், ரெக்கார்ட் வேற" என்று சொல்லிவிட்டார். லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு ஆபீசிலேயே தூங்கினார்.

மறுநாள் காலை நான்காவது இட்லியை வைக்கும்போது மரகதம் கேட்டாள். "சார், இத்தாலியில என்னமோ பிச்சைன்னு தின்னதாச் சொல்வீங்களே..."

"பிச்சை இல்லம்மா, பீட்சா!"

"அத எப்படிச் செய்றது?"

இத்தாலி சார் விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தார். பதினைந்து வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் 'அப்படியா?' என்று மட்டுமே கேட்டிருந்தார்கள்.

"வட்டமா இருக்கும். இத்தா பெரிசு. ஓரம் லேசாக் கருகியிருக்கும். மேல செவப்பா ஒண்ணு தடவியிருப்பான். செவப்புக்கு மேல அங்கங்க வெள்ளையா உருகிக் கெடக்கும். நடுவுல பச்சையா ரெண்டு இலை."

"அடி மாவு என்ன மாவு சார்? புளிச்சதா, புளிக்காததா?"

"வெள்ளை மாவு."

"செவப்பு காரமா?"

"நல்ல செவப்பு."

"மேல உருகின வெள்ளை, அது புளிக்குமா, இனிக்குமா, உப்பாக் கரிக்குமா?"

இத்தாலி சார் சட்டியைப் பார்த்தார். "பளபளன்னு இருக்கும் மரகதம்" என்றார்.

மரகதம் அதற்குமேல் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஊருக்குச் சோறு போடுகிறவளுக்குத் தின்றவன் பேச்சும் பார்த்தவன் பேச்சும் வேறென்று தெரியும். இந்த மனிதர் சொன்னது அத்தனையும் கண்ணால் சொன்னது. நாக்கு சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. அதை அவள் அய்யூபிடம்கூடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றி அனுப்பினாள்.

ஆனால் கண் சொன்னதை வைத்துக்கொண்டு வேலை நடந்தது. மைதாவைக் கொஞ்சம் புளித்த இட்லிமாவோடு பிசைந்து ஒரு ராத்திரி வைத்தாள். தோசைக்கல்லில் தட்டிப்போட்டு, மேலே இரும்புமூடி கவிழ்த்து, மூடிமேல் கொட்டாங்கச்சித் தணலைக் கொட்டினாள். சிவப்புக்குக் கப்பலில் வந்த தக்காளி. பாதி அழுகல், மீதியில் வற்றல் மிளகாய் அரைத்துச் சேர்த்தாள். வெள்ளைக்குத் தீவில் குறைவில்லை. முதல் தேங்காய்ப்பாலைச் சுண்டக் காய்ச்சி, திரண்டு வந்ததை அங்கங்கே வைத்தாள். இலைக்குக் கறிவேப்பிலை.

முதல் பீட்சாவை அய்யூப் தின்றார். தன் தப்புக்குத் தண்டனை என்றே உட்கார்ந்தார். பாதியில் முகம் மாறியது. "அல்லா! நல்லா இருக்கே" என்று இன்னொன்று கேட்டார். அடுத்த வாரத்துக்குள் வங்காளி மேஸ்திரிகள் அதற்கும் பழகிவிட்டார்கள். மீன்குழம்பு ஊற்றித் தின்றார்கள்.

இத்தாலி சார் மட்டும் தொடவில்லை. வந்து பார்ப்பார், "ஓரம் இன்னும் கருகணும்" என்பார், "இலை நடுவுல" என்பார். ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லுங்கள் என்றால் வயிறு சரியில்லை என்பார். சொல்லிவிட்டு நான்கு இட்லி தின்பார்.

பதினைந்தாம் நாள் ஆபீசர் வந்தார். மரகதம் சுடச்சுட ஒன்றை வாழையிலையில் வைத்தாள். ஆபீசர் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான். முழுவதையும் தின்றுவிட்டுக் கை கழுவினார்.

நன்றாக இருக்கிறது, ஆனால் இத்தாலியப் பண்டம்தானா என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் இத்தாலி போனதில்லை. நாளைக்கு ஆடிட் வரும். இந்தப் பண்டத்தை முன்பே சாப்பிட்டிருக்கிற ஒருவர், பொறுப்பான ஆள், ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஃபைலில் சேர்த்துவிட்டு லைசென்சைப் புதுப்பிக்கலாம்.

கடையில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். இத்தாலி சார் மூலையில் மூன்றாவது இட்லியில் இருந்தார்.

"அரே, இவர்தான் சாப்! நேப்பிள்ஸ்ல இருந்தவரு!" என்று அய்யூப் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். காகிதம் வந்தது. ஆபீசர் தன் பேனாவையே நீட்டினார். சர்க்கார் ஆள் என்றதும் அவருக்கு ரொம்பத் திருப்தி.

பாலசுப்பிரமணியம் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். வைத்த இடத்திலேயே பேனா நின்றது. மை ஊறி ஒரு புள்ளியாயிற்று. புள்ளி உளுந்து அளவுக்கு வந்தது. அவர் நெற்றியில் வேர்த்தது. இன்னும் நான்கு வருஷத்தில் ரிட்டயர் ஆகப் போகிற மனிதர். முப்பது வருஷமாக எழுதிய காகிதங்களில் ஒரு பொய் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார். "மரகதம், நான் அதத் தின்னதில்லம்மா."

"தெரியும் சார்."

"தெரியுமா? எப்ப?"

"வெள்ளை புளிக்குமான்னு கேட்டேனே, அன்னிக்கே."

"ரெண்டு வருஷமும் டெப்போவுல பருப்பும் ரொட்டியும்தான். ஊருக்குள்ள போக எங்களுக்கு உத்தரவு இல்ல. ஒரே ஒரு நாள் லாரியில போறப்ப ஒரு கடை ஜன்னல்ல பாத்தேன். லாரி நிக்கல."

"க்யா போல் ரஹே ஹைங்?" என்று, அவர் என்ன சொல்கிறார் எனக் கேட்டார் ஆபீசர்.

"மசாலா சமாச்சாரம் சாப்" என்றார் அய்யூப். அவர் நெற்றியிலும் வேர்த்தது.

"என்னால எழுத முடியாது மரகதம். உன் கடை போயிடும்னு தெரியுது. ஆனாலும் கை போகமாட்டேங்குது. நீ என்னைக் கண்டபடி திட்டு."

மரகதம் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. கல்லில் வெந்துகொண்டிருந்ததை எடுத்தாள். அவர் முன்னால் இலையைப் போட்டு வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க சார்."

"வயிறு..."

"வயித்த நான் பாத்துக்கிறேன். தின்னுங்க."

அதட்டல் கொஞ்சம் பலமாகவே வந்தது. அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். கடை முழுக்க அவர் தாடையைப் பார்த்தது. இரண்டாவது துண்டை யாரும் சொல்லாமலே எடுத்தார்.

"சார், இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லுங்க. நீங்க இந்த இட்லி ஹோட்டல்ல பிச்சா தின்னிருக்கீங்களா இல்லையா?"

"இப்பத்தானே தின்னேன்."

"அந்தப் பிச்சாவும் இந்தப் பிச்சாவும் ஒண்ணுதானே?"

"ஒரே பிச்சாதானேம்மா, பாதிதான் தின்னிருக்கேன்..."

"அத எழுதுங்க. கடைப் பேர மட்டும் பலகையில இருக்கிற மாதிரியே எழுதுங்க."

ஹெட் கிளார்க் பலகையைப் பார்த்தார். நீலப் பெயிண்டில் அழுத்தமான ட. ஒரு முழு நிமிஷம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, மைப்புள்ளியைத் தாண்டி, முத்து முத்தாக இங்கிலீஷில் எழுதினார்: இத்தாலி ஹோட்டலில் பீட்சாவை நான் நேரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன் என்றும், இன்று அதிகாரியிடம் காட்டப்பட்ட பண்டம் அதுவேதான் என்றும் இதனால் சான்றளிக்கிறேன். கையெழுத்து. தேதி. பதவி.

ஆபீசர் படித்தார். 'நேரில் உட்கார்ந்து' என்ற இடம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நேப்பிள்ஸில் அது எப்பேர்ப்பட்ட ஹோட்டல் என்று கேட்டார். "இதே மாதிரி பெஞ்சுதான் சாப்" என்றார் இத்தாலி சார். அது பேச்சு, ரெக்கார்ட் இல்லை.

மூன்று நாளில் லைசென்ஸ் வந்தது. ஒரு வருஷத்துக்கு இல்லை, மூன்று வருஷத்துக்கு. அய்யூப் உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"என்ன பாய்?"

"ஒரு நிபந்தனை போட்டிருக்காரு தங்கச்சி. சான்று அளிக்கப்பட்ட கடை என்பதால், இனிமே இங்க இத்தாலிப் பண்டம் மட்டும்தான் விக்கணும். வேற எது வித்தாலும் ரத்து."

மரகதம் இட்லிச்சட்டியைப் பார்த்தாள். உள்ளே இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"பாய், சிலேட்ட எடுங்க" என்றாள். "இந்தியில எழுதத் தெரியும்ல? பீட்சா, ரெண்டு தினுசு. சுட்டது ஒண்ணு, அவிச்சது ஒண்ணு."

அய்யூப் எழுதினார். இதில் ட எங்கே வருகிறது என்று மூன்றுமுறை கேட்டுக்கொண்டு எழுதினார்.

துறைமுகத்து ஆட்கள் சிரித்துவிட்டு ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். வங்காளி மேஸ்திரிகளுக்குப் பழக்கம் என்பதே தேவைப்படவில்லை. இத்தாலி சார் மட்டும் மூன்று நாள் சிலேட்டைப் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் போனார். முகம் வாடியிருந்தது. நாலாம் நாள் காலை அவர் மூலையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"மரகதம், அவிச்சது நாலு."

"சட்னியா சார், சாம்பாரா?"

பாலசுப்பிரமணியம் சுற்றிலும் பார்த்தார். துறைமுகத்துக்குப் புதிதாக வந்திருந்த இரண்டு பேர், அவரை இதுவரை அறியாதவர்கள், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேப்பிள்ஸ்ல ரெண்டும் ஊத்துவான்" என்றார்.

மரகதம் இரண்டையும் ஊற்றினாள்.